பில் வில்சன்: ஹோட்டல் பாருக்குப் பக்கத்தில் நின்று போன் செய்த பங்குச்சந்தைக்காரர், பெங்களூருவின் ஏ.ஏ. கூட்டங்களுக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

பெங்களூருவில் வேலை பார்க்கும் உங்களுக்கு இந்தக் காட்சி பழக்கம்தான். புராஜெக்ட் முடிந்தால் பார்ட்டி, யாராவது வேலையை விட்டால் பார்ட்டி, புதிதாக யாராவது சேர்ந்தாலும் பார்ட்டி. கோரமங்களாவிலோ இந்திரா நகரிலோ ஒரு டேபிள். திங்கட்கிழமை எல்லோரும் லாகின் செய்துவிடுவார்கள். அந்த டேபிளில் இருந்த ஒருவருக்கு மட்டும் அது வெள்ளிக்கிழமையோடு நின்றிருக்காது. அந்த ஒருவர் உங்கள் டீம் மேட்டாக இருக்கலாம், கணவராக இருக்கலாம், நீங்களாகவும் இருக்கலாம்.

முதலில் கொஞ்சம் எண்கள். 2019-ல் மத்திய சமூக நீதி அமைச்சகத்துக்காக டெல்லி எய்ம்ஸ் நடத்திய தேசியக் கணக்கெடுப்பு வெளியானது. இந்தியாவில் சுமார் 16 கோடி பேர் மது குடிக்கிறார்கள். குடியால் பிரச்சினையில் இருப்பவர்கள் 5.7 கோடிக்கும் மேல். அதில் சுமார் 2.9 கோடி பேர் குடிக்கு அடிமையானவர்கள். இந்த அடிமையானவர்களில் ஏதாவது ஒரு சிகிச்சை கிடைத்ததாகச் சொன்னவர்கள் 38 பேரில் ஒருவர். என் வேலை எண்களோடுதான். ஆனால் இந்த 38-ல் ஒன்று என்ற எண்ணைப் பார்த்த பிறகு மற்றவை எல்லாம் பின்னால் போய்விடுகின்றன. மீதி 37 பேர் எங்கே போகிறார்கள்?

பலர் எங்கேயும் போவதில்லை. சிலர் போகும் இடங்களில் ஒன்று ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. பெயர் சொல்லாத குடிநோயாளிகள் என்று பொருள். கட்டணம் கிடையாது, டாக்டர் கிடையாது, அட்டெண்டன்ஸ் ரெஜிஸ்டர் கிடையாது. இந்த விதிகள் ஒவ்வொன்றும் விசித்திரமாகத் தோன்றும். பில் வில்சன் என்ற அமெரிக்கரின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டால் அவை ஏன் இப்படி இருக்கின்றன என்று புரியும். ஏனென்றால் அவர் பட்ட அடிகளில் இருந்துதான் அவற்றில் பெரும்பாலானவை வந்தன.

பாருக்குப் பின்னால் பிறந்தவர்

வில்லியம் கிரிஃபித் வில்சன் 1895 நவம்பர் 26 அன்று வெர்மான்ட் மாநிலத்தின் ஈஸ்ட் டோர்செட் என்ற சின்ன ஊரில் பிறந்தார். பாட்டி நடத்திய தங்கும் விடுதி அது. பிறந்த அறை, விடுதியின் பாருக்குப் பின்னால் இருந்தது. அப்பா சலவைக்கல் குவாரியில் வேலை பார்த்தவர், குடிப்பவர். பில்லுக்குப் பத்து, பதினொரு வயது இருக்கும்போது பெற்றோர் பிரிந்தார்கள். அப்பா மேற்கே போய்விட்டார். அம்மா மருத்துவம் சார்ந்த படிப்புக்காகப் பாஸ்டன் சென்றார். பில்லும் தங்கையும் அம்மாவழித் தாத்தா பாட்டியிடம் வளர்ந்தார்கள்.

பூமராங்கை ஆஸ்திரேலியக்காரர்களைத் தவிர யாராலும் செய்ய முடியாது என்று தாத்தா ஒருநாள் சொன்னாராம். பையன் மாதக்கணக்கில் மரத்தைச் செதுக்கி, திரும்பி வரும் பூமராங் ஒன்றைச் செய்துவிட்டுத்தான் ஓய்ந்தான். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் எதிலும் முதலாவதாக வந்தே தீர வேண்டும் என்ற வெறி அது, கடைசிவரை அவரை விடவில்லை. பதினேழு வயதில் அவர் காதலித்த பெண் ஒரு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு இறந்துபோனார். பில் மாதக்கணக்கில் படுத்த படுக்கையாகக் கிடந்தார். மனச்சோர்வு அவரை முதன்முதலாகப் பிடித்தது அப்போதுதான். கவனியுங்கள், அவர் இன்னும் ஒரு சொட்டுகூடக் குடிக்கவில்லை.

முதல் உலகப் போர் வந்தது. இளம் ராணுவ அதிகாரியாக நியூ பெட்ஃபோர்டு நகரில் இருந்தபோது, உள்ளூர்ப் பணக்காரர்கள் அதிகாரிகளை விருந்துக்கு அழைத்தார்கள். கூச்ச சுபாவம் உள்ள கிராமத்துப் பையன், வாயைத் திறக்கத் தெரியாமல் மூலையில் நின்றவன். யாரோ கையில் ஒரு காக்டெயில் கொடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் கூச்சம் போய்விட்டது, பேச்சு வந்துவிட்டது. இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். குடி பலருக்கு அறிமுகமாவது சோகத்தில் இல்லை, நிம்மதியில். நெட்வொர்க்கிங் ஈவன்ட்டில் கையில் கிளாஸ் இல்லாமல் நிற்கத் தெரியாத யாருக்கும் இது புரியும்.

1918 ஜனவரி 24 அன்று லோயிஸ் பர்ன்ஹாமைத் திருமணம் செய்துகொண்டார். ப்ரூக்ளின் நகர டாக்டர் ஒருவரின் மகள், பில்லைவிட நான்கு வயது மூத்தவர். இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருவார்.

மோட்டார் சைக்கிளில் ஒரு ஈக்விட்டி அனலிஸ்ட்

போர் முடிந்து வந்தவர் வேலை பார்த்துக்கொண்டே ப்ரூக்ளினில் சட்டம் படித்தார். ஒரு முக்கியத் தேர்வுக்குப் போதையில் போய், யோசிக்கவும் முடியாமல் எழுதவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார். வக்கீல் ஆகவே இல்லை. அவர் மனம் வால் ஸ்ட்ரீட்டில் இருந்தது.

அங்கே அவர் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். மக்கள் பங்குகளை வாங்குகிறார்கள், ஆனால் அந்த நிறுவனம் உள்ளே எப்படி நடக்கிறது என்று யாரும் போய்ப் பார்ப்பதில்லை. நேரில் போய்ப் பார்த்து ரிப்போர்ட் எழுதினால்? இன்று ஈக்விட்டி ரிசர்ச் என்று ஒரு பெரிய துறையே இருக்கிறது. 1925-ல் அது கிறுக்குத்தனம். தரகு நிறுவனங்கள் பணம் தர மறுத்தன. பில்லும் லோயிஸும் வேலையை விட்டுவிட்டு, சைடுகார் பூட்டிய ஒரு ஹார்லி டேவிட்சனில் டென்ட், போர்வை, மூடிஸ் நிறுவனத்தின் தடிமனான நிதிக் கையேடுகள் என்று ஏற்றிக்கொண்டு கிளம்பினார்கள். ஊர் ஊராகப் போய் ஆலைகளைப் பார்த்தார், தொழிலாளர்களிடம் பேசினார், ரிப்போர்ட் அனுப்பினார். ரிப்போர்ட்கள் பலித்தன. தரகு நிறுவனம் அவரைத் தேடி வந்தது. சில வருடங்களில் நல்ல பணம்.

அந்தப் பயணத்துக்கு லோயிஸ் சம்மதித்ததற்கு இன்னொரு காரணமும் இருந்தது. பார்களை விட்டு அவரைத் தூரமாகக் கூட்டிக்கொண்டு போனால் குடி நின்றுவிடும் என்று நம்பினார். இடம் மாற்றினால் சரியாகிவிடும் என்ற இந்த நம்பிக்கை நம் வீடுகளிலும் உண்டு: ஊருக்கு அனுப்பி வை, கல்யாணம் பண்ணி வை, குழந்தை பிறந்தால் திருந்திடுவான். லோயிஸுக்குக் குழந்தை தங்கவில்லை. கர்ப்பப்பைக்கு வெளியே கரு உருவாகி அடுத்தடுத்துக் கலைந்தது, அதன்பின் வாய்ப்பே இல்லாமல் போனது. தத்தெடுக்க விண்ணப்பித்துக் காத்திருந்தார்கள். கிடைக்கவில்லை. பில்லின் குடிதான் காரணம் என்று பிறகுதான் லோயிஸுக்குத் தெரிய வந்தது.

1929-ல் சந்தை விழுந்தது. பில்லும் விழுந்தார். அதற்குப் பிறகான ஐந்து வருடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் உங்களுக்குத் தெரிந்த யாரோ ஒருவரின் கதைதான் அது. கிடைத்த வேலைகள் கைநழுவின. மாமனார் வீட்டில் வாழ்க்கை. லோயிஸ் டிபார்ட்மென்ட் ஸ்டோரில் நின்று சம்பாதித்தார், அந்தப் பர்ஸில் இருந்தும் பணம் காணாமல் போனது. வீட்டு பைபிளில் இனி குடிக்க மாட்டேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார், ஒரு முறை இல்லை, பல முறை.

1933-லும் 34-லும் நியூயார்க்கின் டவுன்ஸ் ஆஸ்பத்திரியில் மாறி மாறிச் சேர்க்கப்பட்டார். அங்கே இருந்த டாக்டர் வில்லியம் சில்க்வொர்த் அந்தக் காலத்தில் பலரும் ஏற்காத ஒன்றைச் சொன்னார்: இது ஒழுக்கக்கேடு இல்லை, நோய். உடம்பு ஒருவிதமாகவும் மனம் ஒருவிதமாகவும் இதில் சிக்கியிருக்கிறது என்பது அவர் விளக்கம். அதை அவர் அலர்ஜி என்று அழைத்தார். இன்றைய மருத்துவம் அந்தச் சொல்லை ஏற்பதில்லை. ஆனால் நோய் என்ற கருத்து நிலைத்துவிட்டது. சிக்கல் என்னவென்றால், தனக்கு இருப்பது நோய் என்று தெரிந்த பிறகும் பில் குடித்தார்.

1934 நவம்பர் கடைசியில் எப்பி தாட்சர் என்ற பழைய குடிக்கூட்டாளி வீட்டுக்கு வந்தார். பில் ஊற்றிக் கொடுத்தார். எப்பி வேண்டாம் என்றார். ஆக்ஸ்போர்டு குரூப் என்ற கிறிஸ்தவ இயக்கத்தில் சேர்ந்து தான் குடியை விட்டுவிட்டதாகச் சொன்னார். பில்லுக்குக் கடவுள் பேச்சு பிடிக்காது. ஆனால் தன்னைவிட மோசமாகக் குடித்தவன் நிதானமாக எதிரில் உட்கார்ந்திருக்கிறான், அதை மறுக்க முடியவில்லை. சில வாரங்களில், டிசம்பர் 11 அன்று, கடைசி முறையாக ஆஸ்பத்திரிக்குப் போனார். அங்கே ஒரு இரவு அறை முழுக்க வெளிச்சம் நிரம்பியது போன்ற அனுபவம் அவருக்கு ஏற்பட்டது. ஆன்மிக அனுபவம் என்றார் அவர். அங்கே கொடுக்கப்பட்ட பெல்லடோனா மருந்துக்கு மாயத்தோற்றங்களை உண்டாக்கும் தன்மை உண்டு என்று சுட்டிக்காட்டுகிறார்கள் பிற்கால ஆய்வாளர்கள். எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. அதற்குப் பிறகு அவர் குடிக்கவில்லை என்பது மட்டும் பதிவில் இருக்கிறது. அப்போது வயது 39.

ஆக்ரன், 1935 மே 11, சனிக்கிழமை

அடுத்த ஐந்து மாதம் பில் குடிகாரர்களைத் தேடித்தேடித் திருத்தப் பார்த்தார். ஒருவர்கூடத் திருந்தவில்லை. சோர்ந்துபோய் லோயிஸிடம் புலம்ப, நீ குடிக்காமல் இருக்கிறாயே என்பதை அவர் சுட்டிக்காட்டினார். டாக்டர் சில்க்வொர்த்தோ, பிரசங்கம் செய்வதை விட்டுவிட்டு நோயைப் பற்றிப் பேசு என்றார். இரண்டும் சேர்ந்து ஒரு முக்கியமான பாடம். ஆனால் அது புரிய ஒரு தோல்வி தேவைப்பட்டது.

பிசினஸ் விஷயமாக ஓஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகருக்குப் போயிருந்தார். ரப்பர் இயந்திரங்கள் செய்யும் ஒரு கம்பெனியை, பங்குதாரர்களின் ஓட்டுகளைத் திரட்டிக் கைப்பற்றும் முயற்சி. ஜெயித்திருந்தால் பழைய வாழ்க்கை திரும்பியிருக்கும். தோற்றுப்போனார். கூட வந்தவர்கள் ஊருக்குத் திரும்பிவிட்டார்கள். மேஃப்ளவர் ஹோட்டலின் லாபியில் தனியாக நடந்துகொண்டிருந்தார். ஒரு பக்கம் பார், சிரிப்புச் சத்தம். இன்னொரு பக்கம் டெலிபோனும், ஊரில் உள்ள தேவாலயங்களின் பட்டியலும்.

டெலிபோன் பக்கம் போனார். பட்டியலில் இருந்த ஒரு பாதிரியாரை அழைத்து, தான் ஒரு குடிநோயாளி என்றும், பேசுவதற்கு இன்னொரு குடிநோயாளி வேண்டும் என்றும் கேட்டார். யோசித்துப் பாருங்க, அந்தப் போனை எடுத்தவருக்கு எப்படி இருந்திருக்கும்! அவர் தந்த பெயர்களை ஒவ்வொன்றாக அழைத்து, கடைசியில் ஹென்ரியட்டா சைபர்லிங் என்ற பெண்மணி கிடைத்தார். அவருக்கு ஒரு ஆளைத் தெரியும். டாக்டர் ராபர்ட் ஸ்மித், 55 வயது அறுவைச் சிகிச்சை நிபுணர், ஊரறிந்த குடிகாரர். அன்றே சந்திக்க முடியவில்லை. அடுத்த நாள் அன்னையர் தினம் என்று மனைவிக்கு ஒரு பூந்தொட்டி வாங்கி வந்த டாக்டர், போதையில் தரையில் கிடந்தார்.

மறுநாள் மாலை வந்தார். பதினைந்து நிமிடம்தான் என்ற நிபந்தனையோடு. பேச்சு முடிய ராத்திரி பதினொன்றைத் தாண்டிவிட்டது. பில் அறிவுரை எதுவும் சொல்லவில்லை, தன் கதையைச் சொன்னார். நான் குடிக்காமல் இருக்க எனக்கு நீ தேவை என்ற நிலையில் இருந்து பேசினார். டாக்டரிடம் பல வருடங்களாகப் பலர் பேசியிருக்கிறார்கள். உதவி கேட்டு வந்த முதல் ஆள் இவர்தான்.

டாக்டர் பாப், அப்படித்தான் அவரை அழைப்பார்கள், அத்தோடு குடியை விட்டுவிடவில்லை. சில வாரங்களில் ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போன இடத்தில் மறுபடி விழுந்தார். திரும்பி வந்ததும் ஒரு அறுவைச் சிகிச்சை காத்திருந்தது. கை நடுக்கம் அடங்க அன்று காலை பில்லே ஒரு பீர் வாங்கிக் கொடுத்தார். அதுதான் டாக்டரின் கடைசிக் குடி. அந்த நாள், 1935 ஜூன் 10, ஏ.ஏ. தொடங்கிய நாளாக இன்று கணக்கிடப்படுகிறது. (அந்த அறுவைச் சிகிச்சை நடந்த நோயாளியின் பக்கம் இருந்து யோசித்தால் கொஞ்சம் திகிலாகத்தான் இருக்கிறது.)

விதிகள் எப்படி வந்தன?

1937 கடைசியில் பில்லும் பாபும் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார்கள். நியூயார்க்கிலும் ஆக்ரனிலும் சேர்த்து, குடியை விட்டு நிலைத்தவர்கள் சுமார் 40 பேர். இரண்டரை வருட உழைப்பு. பில் உடனே பெரிதாக யோசித்தார்: ஆஸ்பத்திரிகள், சம்பளத்துக்கு ஆட்கள், ஒரு புத்தகம். பணத்துக்காக ஜான் டி. ராக்ஃபெல்லர் ஜூனியரிடம் போனார்கள். அவர் கொடுத்தது 5,000 டாலர். அதற்கு மேல் பணம் இதைக் கெடுத்துவிடும் என்பது உலகின் மிகப்பெரிய பணக்காரர்களில் ஒருவரின் கருத்து. பில்லுக்கு ஏமாற்றம்தான். அதற்கு முன்பே, 1936-ல், டவுன்ஸ் ஆஸ்பத்திரி அவருக்குச் சம்பளம், லாபத்தில் பங்கு என்று வேலை கொடுக்க முன்வந்திருந்தது. வீட்டில் அடுத்த வேளைக்கு வழியில்லாத நேரம். சந்தோஷமாகக் குழுவிடம் சொன்னார். காசு வாங்கிக்கொண்டு செய்தால் இது வேறு ஏதோ ஆகிவிடும் என்று குழு மறுத்தது. பில் வேலையை வேண்டாம் என்றார்.

இன்றைக்கு ஏ.ஏ. கூட்டத்தில் கட்டணம் இல்லாததும், வெளியாரிடம் நன்கொடை வாங்காததும் இங்கே இருந்துதான் வந்தன. சி.எஸ்.ஆர். நிதி கொடுக்கிறேன் என்று உங்கள் கம்பெனி போனாலும் வாங்க மாட்டார்கள்.

1938 டிசம்பரில் ஒரு இரவு படுக்கையில் உட்கார்ந்து 12 படிகளை எழுதினார். பிறகு குழுவில் சண்டை. கடவுள் அதிகமாக இருக்கிறார் என்று நாத்திகர்கள், குறைவாக இருக்கிறார் என்று பக்தர்கள். அவரவர் புரிந்துகொண்டபடியான கடவுள் என்ற சமரசம் அந்தச் சண்டையில் பிறந்தது. 1939 ஏப்ரலில் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் என்ற புத்தகம் வெளியானது. இயக்கத்துக்கும் அதே பெயர். புத்தகம் விற்கவில்லை. அதே மாதம் வங்கி வீட்டை எடுத்துக்கொண்டது. பில்லும் லோயிஸும் அடுத்த இரண்டு வருடம் நண்பர்கள் வீடு, தெரிந்தவர் வீடு என்று மாறி மாறித் தங்கினார்கள். 1941 மார்ச் 1 அன்று சாட்டர்டே ஈவினிங் போஸ்ட் இதழில் ஜாக் அலெக்சாண்டரின் கட்டுரை வந்தது. நிருபர் சந்தேகத்தோடு போய், நம்பித் திரும்பியவர். வருடத் தொடக்கத்தில் சுமார் 2,000 ஆக இருந்த உறுப்பினர் எண்ணிக்கை வருட முடிவில் 8,000.

பெண்களுக்கு இதில் இடம் உண்டா என்பது உங்களில் பலருடைய கேள்வியாக இருக்கும். 1939-லேயே மார்ட்டி மான் என்ற பெண் வந்து சேர்ந்து, குடிநோய் பெண்களுக்கும் வரும் என்று வெளிப்படையாகப் பேசத் தொடங்கினார். அன்றைய அமெரிக்காவிலும் பெண் குடிப்பது என்பது வாய்விட்டுச் சொல்லக்கூடாத விஷயம்தான்.

பிறகு 12 மரபுகள் வந்தன. 1946-ல் எழுதப்பட்டு 1950-ல் கிளீவ்லாந்து மாநாட்டில் ஏற்கப்பட்டவை. உறுப்பினராக ஒரே தகுதி, குடியை நிறுத்த வேண்டும் என்ற ஆசை. தலைவர் கிடையாது, சேவை செய்பவர்கள் மட்டும். மீடியாவில் முழுப் பெயரோ படமோ வரக்கூடாது. கடைசி விதி பில்லையே கட்டியது. புகழுக்கு ஏங்கிய மனிதர் அவர். யேல் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் தருவதாகச் சொன்னது, மறுத்தார். டைம் இதழின் அட்டைப்படத்தையும் மறுத்தார். 1955-ல் பொறுப்பை உறுப்பினர்களின் பிரதிநிதிகளிடம் ஒப்படைத்துவிட்டார். நம் ஊரில் தான் தொடங்கிய அமைப்பை உயிரோடு இருக்கும்போதே விட்டுக்கொடுத்தவர்களை எண்ணிப் பாருங்கள், ஒரு கை விரல்கள் மிஞ்சும்.

அவரை மகானாக்க வேண்டாம்

ஏ.ஏ.வுக்குள்ளேயே சிலர் தயங்கிப் பேசும் பகுதி இது. 1944 தொடங்கிச் சுமார் பதினோரு வருடம் கடுமையான மனச்சோர்வில் இருந்தார். சில நாட்கள் மேஜையில் தலையைக் கவிழ்த்தபடியே கழிந்தன. குடியை விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்பதற்கு இவரே எதிர்ச் சாட்சி. மனநல மருத்துவரிடம் போனார், அதற்காகச் சொந்த உறுப்பினர்களிடமே விமர்சனம் வாங்கினார். 1956-ல் மருத்துவர் கண்காணிப்பில் எல்.எஸ்.டி. எடுத்துப் பார்த்தார். அப்போது அது சட்டவிரோதம் இல்லை. என்றாலும் அமைப்பில் பெரும் சங்கடம். லோயிஸுக்கு உண்மையாக இல்லை. ஹெலன் வின் என்ற பெண்ணுடன் நீண்ட கால உறவு இருந்தது, புத்தக ராயல்டியில் ஒரு பகுதியை அவருக்கும் எழுதி வைத்தார்.

லோயிஸ் என்ன செய்தார்? பில் குடியை விட்ட புதிதில், வா கூட்டத்துக்குப் போகலாம் என்று அவர் அவசரப்படுத்தியபோது, லோயிஸ் காலணியைக் கழற்றி எறிந்தார். பதினேழு வருடம் தன்னால் முடியாததை யாரோ முன்பின் தெரியாதவர்கள் சில வாரத்தில் சாதித்துவிட்டார்கள் என்ற கோபம். குடிப்பவரைப் போலவே கூட வாழ்பவருக்கும் ஒரு நோய் இருக்கிறது என்று அப்போது அவருக்குப் புரிந்தது. 1951-ல் குடும்பத்தினருக்காக அல்-அனான் என்ற தனி அமைப்பைத் தொடங்கினார். என்னைக் கேட்டால், பில்லைவிட லோயிஸின் கண்டுபிடிப்புதான் நம் ஊருக்கு இன்னும் அவசரமாகத் தேவை.

விடாமல் சிகரெட் பிடித்தவர் பில். எம்ஃபிசீமா என்ற நுரையீரல் நோயால் 1971 ஜனவரி 24 அன்று மயாமியில் இறந்தார். அவர்களின் 53-வது திருமண நாள் அது. கடைசி வாரங்களில், ஆக்சிஜன் ஏறிக்கொண்டிருந்த நிலையில், அவர் சில முறை விஸ்கி கேட்டதாக நர்ஸ்களின் குறிப்பில் இருக்கிறது. யாரும் கொடுக்கவில்லை. 36 வருடம் குடிக்காமல் இருந்த மனிதர் அவர். இறந்த பிறகுதான் அவருடைய முழுப் பெயர் செய்தித்தாள்களில் வந்தது.

சரி, இது வேலை செய்யுமா?

பல வருடங்களாக இதற்கு உறுதியான பதில் இல்லை. பெயர் பதியாத கூட்டத்தை எப்படி அளப்பது? 2020-ல் காக்ரேன் அமைப்பு 27 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. மொத்தம் 10,565 பேர். முறையாக ஏ.ஏ.வுடன் இணைக்கும் சிகிச்சையில், ஒரு வருடம் கழித்து முழுமையாகக் குடிக்காமல் இருந்தவர்கள் சுமார் 42 சதவீதம். மற்ற உளவியல் சிகிச்சைகளில் சுமார் 35 சதவீதம். இதை இரண்டு விதமாகப் படிக்க வேண்டும். இலவசமாகக் கிடைக்கும் ஏ.ஏ.வுடன் இணைக்கும் சிகிச்சை, மற்ற சிகிச்சைகளைவிடக் கொஞ்சம் முன்னால் இருக்கிறது. அதே நேரம், பாதிக்கும் மேற்பட்டவர்கள் அந்த ஒரு வருடத்தில் மறுபடி குடித்தார்கள். டாக்டர் பாப் குடித்தது போல.

இந்தியாவுக்கு ஏ.ஏ. வந்தது 1957-ல், பம்பாயில் கூடிய ஒரு சின்னக் குழுவாக. தமிழ்நாட்டில் சாந்தி ரங்கநாதனின் பெயரையும் சொல்ல வேண்டும். குடியால் கணவர் டி.டி. ரங்கநாதனை இழந்த அவர், அமெரிக்காவில் பயிற்சி பெற்றுவந்து 1980-ல் சென்னையில் டி.டி.கே. மருத்துவமனை உருவாகக் காரணமான அறக்கட்டளையைத் தொடங்கினார்.

பெங்களூருவில் போவது எப்படி?

தினமும் குடிப்பவராக இருந்தால் முதல் படி கூட்டம் இல்லை, டாக்டர். நாளையில் இருந்து ஒரு சொட்டு கிடையாது என்று திடீரென நிறுத்தினால், முதல் இரண்டு மூன்று நாட்களில் வலிப்பு வரலாம், மனக்குழப்பம், மாயத்தோற்றம் வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம். கை நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை முன்பே உங்களுக்கு வருகிறதென்றால் தனியாக முயற்சி வேண்டாம். ஓசூர் சாலையில் உள்ள நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் போதை சிகிச்சைக்கென்றே தனி மையம் இருக்கிறது. சிகிச்சையும் கூட்டமும் ஒன்றுக்கொன்று எதிரி இல்லை, மாத்திரை சாப்பிடுபவரும் ஏ.ஏ.வுக்குப் போகலாம். உங்கள் மருத்துவக் காப்பீட்டின் விலக்குப் பட்டியலையும் ஒரு முறை பாருங்கள். குடிநோய்ச் சிகிச்சைக்குப் பணம் தராத பாலிசிகள் நிறைய.

ஏ.ஏ. இந்தியாவின் இணையதளத்தில் நகர வாரியாகக் கூட்டங்களும் உதவி எண்களும் இருக்கும். போன் செய்தால் எடுப்பவர் ஒரு முன்னாள் குடிகாரர்தான், கால் சென்டர் இல்லை. மூன்று கேள்வி கேளுங்கள். எந்த மொழியில் நடக்கிறது? கன்னடமும் ஆங்கிலமும் தெரியாத ஒருவருக்காகக் கேட்கிறீர்கள் என்றால் இது ரொம்ப முக்கியம், மனசில் இருப்பதைத் தாய்மொழியில்தான் சொல்ல முடியும். ஓபன் கூட்டமா, க்ளோஸ்டு கூட்டமா? ஓபன் என்றால் குடும்பத்தினரும் மற்றவர்களும் வந்து உட்காரலாம், க்ளோஸ்டு என்றால் குடிப் பிரச்சினை உள்ளவர்கள் மட்டும். பெண்கள் வருகிறார்களா, அல்லது பெண்களுக்கென்று தனிக் கூட்டம் இருக்கிறதா? நேரில் போகத் தயக்கம் என்றால் ஆன்லைன் கூட்டங்களும் உண்டு.

பெரும்பாலும் ஒரு தேவாலயத்தின் பக்கத்து ஹால், ஒரு பள்ளிக்கூட வகுப்பறை. அதைப் பார்த்து மதக் கூட்டம் என்று நினைக்க வேண்டாம், வாடகை குறைவு என்பதுதான் காரணம். பிளாஸ்டிக் நாற்காலிகள், டீ. ஒருவர் நடத்துவார். பேச விரும்புபவர் முதல் பெயரை மட்டும் சொல்லி, தான் எப்படிக் குடித்தேன், எப்படி நிறுத்தினேன் என்று சில நிமிடம் பேசுவார். யாரும் குறுக்கே பேச மாட்டார்கள், அறிவுரை சொல்ல மாட்டார்கள். நீங்கள் பேச வேண்டாம் என்றால் பேச வேண்டாம். ஒரு மணி நேரம், மிஞ்சினால் ஒன்றரை. கடைசியில் ஒரு பை அல்லது டப்பா சுற்றி வரும், புதியவர் எதுவும் போட வேண்டியதில்லை.

ஆபீசுக்குத் தெரிந்துவிடுமா? அங்கே கேட்டது அங்கேயே இருக்க வேண்டும் என்பது 80 வருடத்துக்கும் மேலான வழக்கம். ஆனால் அது வழக்கம்தான், சட்டம் இல்லை. உங்கள் கம்பெனி பெயரை அங்கே சொல்ல வேண்டிய அவசியமே கிடையாது. தெரிந்த முகம் இருந்துவிட்டால்? அவரும் அதே காரணத்துக்காகத்தான் வந்திருப்பார்.

கடவுள் பேச்சு உங்களுக்கு ஒத்துவராமல் போகலாம். உயர் சக்தி என்பதை அந்தக் குழுவாகவே எடுத்துக்கொள்ளும் நாத்திகர்கள் நிறைய. அப்படியும் ஒட்டவில்லை என்றால் வேறு குழு பாருங்கள், குழுவுக்குக் குழு வாசனை மாறும். ஒரே கூட்டத்தை வைத்து முடிவு செய்யாமல் நாலைந்து போய்ப் பாருங்கள். எதுவுமே ஒத்துவரவில்லை என்றால் கவுன்சலிங், மருந்து என்று வேறு வழிகள் இருக்கின்றன.

குடிப்பவர் வர மறுக்கிறார், கஷ்டப்படுவது நீங்கள் என்றால், அல்-அனான் கூட்டம் உங்களுக்கானது. அவர் வர வேண்டும் என்று காத்திருக்க வேண்டியதில்லை. ராத்திரி நேரம், யாரிடமும் பேச முடியவில்லை என்றால், போதை மீட்புக்கான தேசிய இலவச உதவி எண் 14446, மனநலத்துக்கான டெலி மானஸ் எண் 14416. டெலி மானஸில் தமிழிலும் பேசலாம், எந்த மாநிலத்தில் இருந்தும் அழைக்கலாம்.